நின்ற வண்டியும் நிறைந்த பாட்டரியும்

நாமக்கல் வட்டாரத்தில் வண்டியின் துணையின்றி நடைபெறும் தொழில் அரிது. கோழிப்பண்ணை முட்டை, மரவள்ளிக் கிழங்கு, மோகனூர்க் கூட்டுறவு ஆலைக்குச் செல்லும் கரும்பு, இராசிபுரத்துப் பட்டு, பள்ளிபாளையம் குமாரபாளையம் பகுதிகளின் துணி ஆகிய யாவும் சக்கரத்தின் மேல் ஏறியே சந்தையை அடைகின்றன. லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளால் நாமக்கல்லும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளால் திருச்செங்கோடும் இந்தியா முழுவதும் பெயர் பெற்றிருக்கின்றன. ஆகவே வண்டியைப் பற்றிய விஷயம் எதுவாயினும் அது நமது அங்கத்தினர்களின் வீட்டு விஷயமே ஆகும்.

ஓடுகின்ற வண்டியைப் பற்றி நாம் எப்போதும் கவலை கொள்கிறோம். டயர் தேய்ந்ததா, எண்ணெய் குறைந்ததா என்று பார்க்கிறோம். நிற்கின்ற வண்டியைப் பற்றி நாம் நினைப்பதில்லை. நிற்பதற்குச் செலவில்லை என்பது நமது எண்ணம். உண்மையில் நிற்கின்ற வண்டியும் ஒவ்வொரு நாளும் செலவு வைத்துக்கொண்டேயிருக்கிறது. அச்செலவு பாட்டரியினுள்ளே நடைபெறுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. வண்டியை எடுக்க வேண்டிய நாளில் செல்ஃப் சுற்றாதபோதுதான் தெரியவருகிறது.

நமது வட்டாரத்தில் வண்டிகள் நிற்கும் காலங்கள் பல. மழைக்காலத்தில் கிணறு தோண்டும் வேலை குறைகிறது. ரிக் வண்டிகள் ஓய்வு கொள்கின்றன. நடவு முடிந்த பின் டிராக்டர் கொட்டகையில் கிடக்கிறது. நெசவாளர் சங்கத்தின் சரக்கு வேன் தீபாவளி, பொங்கல் விற்பனைக் காலங்களில் ஓய்வின்றி ஓடிவிட்டு, மற்ற மாதங்களில் வாரத்துக்கு ஒரு முறை வெளியே வருவதே அதிகம். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் தேதி நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது எத்தனையோ வண்டிகள் வாரக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றதை யாவரும் அறிவோம். இத்தகைய காலங்களில் பாட்டரியைக் காப்பாற்ற எளிய சாதனம் ஒன்று உண்டு. வண்டியின் கூரை மேல் பொருத்தும் சிறிய சூரிய ஒளிப் பலகையே அது. அதன் தன்மையையும், உபயோகிக்கும் முறையையும், அதனால் ஆகாதவற்றையும் இக்கட்டுரையில் விளக்குவோம்.

பாட்டரி ஏன் கெடுகிறது?

லாரியிலும் டிராக்டரிலும் நாம் உபயோகிக்கும் பாட்டரி காரீயமும் கந்தக அமிலமும் கொண்டது. பிரெஞ்சு நாட்டு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே என்பவர் இவ்வகைப் பாட்டரியை 1859-ஆம் ஆண்டிலே அமைத்தார். அமைப்பில் பல திருத்தங்கள் வந்துள்ள போதிலும் அடிப்படைத் தத்துவம் இன்றும் அதுவே.

பாட்டரியிலிருந்து மின்சாரம் வெளியேறும்போது, அதனுள்ளிருக்கும் தகடுகளின் மேல் ஈய சல்பேட்டு என்னும் வெண்ணிறப் பொருள் படிகிறது. மறுபடியும் சார்ஜ் ஏற்றினால் அப்படிவு கரைந்து, தகடுகள் பழைய நிலையை அடைகின்றன. படிவு புதிதாயிருக்கும் வரையில் இது எளிதில் நடைபெறும். பாட்டரியை வெறுமையாகவோ பாதி நிறைந்ததாகவோ பல வாரங்கள் விட்டுவைத்தால், படிவு இறுகிப் பெரும் பளிங்குகளாகிவிடுகிறது. பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அது முழுவதும் கரைவதில்லை. தகட்டின் அந்தப் பகுதி பயனற்றுப் போகிறது. ஓடி உழைத்துத் தேய்ந்த பாட்டரிகள் மட்டுமன்றி, பட்டினி கிடந்து மாண்ட பாட்டரிகளும் பழைய இரும்புக் கடைகளில் உண்டு என்று சொன்னால் மிகையாகாது.

வண்டி நிற்கும்போது பாட்டரி குறைவதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, பாட்டரி தானாகவே இழக்கும் மின்சாரம். நல்ல நிலையிலுள்ள பாட்டரியும் மாதத்துக்கு 100-க்கு 5 பங்கு வரை இவ்வாறு இழக்கக்கூடும். வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி உயரும்போதும் இந்த இழப்பு ஏறத்தாழ இரட்டிக்கிறது. நமது சித்திரை வெயிலில் இதன் விளைவு என்னவென்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது காரணம், இக்கால வண்டிகளில் உள்ள சிறு கருவிகள். இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவி, கடிகாரம், இயந்திரத்தைக் கண்காணிக்கும் மின்னணுப் பெட்டி முதலியவை சாவியை எடுத்த பின்னரும் சிறிது மின்சாரத்தைக் குடித்துக்கொண்டேயிருக்கின்றன.

ஒரு கணக்கு

கணக்கிட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். இக்கருவிகள் யாவும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். இது மிகச் சிறிய அளவு. எனினும் 24 மணி நேரமும் இழுத்தால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி, 30 நாட்களில் 36 ஆம்பியர்-மணி. பாட்டரியின் கொள்ளளவு 130 ஆம்பியர்-மணி என்றால், அது தானாக இழப்பது மாதம் 6.5. ஆக மொத்தம் 42.5. அதாவது ஒரே மாதத்தில் பாட்டரியின் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறது. இரண்டாம் மாத முடிவில் எஞ்சியிருப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. மூன்றாம் மாதத்தில் பாட்டரியைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்க நேர்ந்தால் வியப்படைய வேண்டியதில்லை.

நாள்தோறும் இழப்பது சுமார் 1.4 ஆம்பியர்-மணி. அதை நாள்தோறும் திருப்பிக் கொடுத்துவிட்டால் பாட்டரி எப்பொழுதும் நிறைந்தேயிருக்கும். பெரிய சார்ஜரும் வேண்டாம். பாட்டரியைக் கழற்றிப் பட்டறைக்குச் சுமந்து செல்லவும் வேண்டாம். கொட்டுகிற சிறு துளிக்குச் சமமாக ஒரு சிறு துளியை ஊற்றி வந்தால் போதும். கூரை மேல் உள்ள பலகை செய்யும் வேலை இதுதான்.

பிற நாட்டவர் கண்ட வழி

சூரிய ஒளியைக் கொண்டு பாட்டரியைப் பராமரிப்பது புதிய முறையன்று. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த சாப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவரும் 1954-ஆம் ஆண்டு ஏப்ரலில் சிலிக்கான் சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டினர். தன் மீது விழும் ஒளியில் 100-க்கு 6 பங்கை அது மின்சாரமாக மாற்றியது. மறு ஆண்டே, ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்னும் ஊரின் சுற்றுப்புறத்தில் ஒரு பரீட்சை நடத்தினர். நமது ஊர்களைப் போலவே நிலக்கடலை விளையும் பிரதேசம் அது. தொலைபேசிக் கம்பத்தின் உச்சியில் ஒரு பலகையை வைத்து, கிராமத் தொலைபேசிக்கான பாட்டரியைப் பகலில் சார்ஜ் ஏற்றினர்; இரவில் பாட்டரி வேலை செய்தது. குடியானவர்களின் தொலைபேசிக்காகச் செய்த அந்த ஏற்பாடும், நாம் இங்கே பேசும் ஏற்பாடும் தத்துவத்தில் ஒன்றே.

மேலை நாடுகளில் குடும்பத்துடன் ஊர் சுற்றித் தங்குவதற்கென்று படுக்கை, அடுப்பு முதலிய வசதிகள் கொண்ட வண்டிகளை வைத்திருப்போர் பலர். அவை கோடையில் ஓடும். பனிக்காலம் முழுவதும் முற்றத்தில் நிற்கும். அந்நாட்டுக் குளிரில் சார்ஜ் இறங்கிய பாட்டரியின் நீர் உறைந்து, பெட்டியே வெடிப்பு விடுவதுண்டு. நிறைந்த பாட்டரியில் அமிலம் அடர்த்தியாக இருப்பதால் அது எளிதில் உறைவதில்லை. ஆகையால் அவ்வண்டிகளின் கூரையில் பலகை பொருத்துவது அங்கே வழக்கமாகிவிட்டது. நமக்குப் பனியின் பயமில்லை. வெயிலின் பயமே உண்டு. பாட்டரியைக் கெடுக்கும் அதே வெயிலைக் கொண்டு பாட்டரியைக் காப்பது நமக்குக் கிடைத்த வாய்ப்பு.

நம் நாட்டிலும் முன்மாதிரிகள் உண்டு. 2017-ஆம் ஆண்டு ரயில்வே இலாகா டீசல் ரயில் ஒன்றின் பெட்டிகளின் கூரையில் சூரியப் பலகைகளைப் பொருத்தி, விளக்குகளுக்கும் விசிறிகளுக்கும் உரிய மின்சாரத்தைப் பெற ஏற்பாடு செய்தது. அதே ஆண்டு கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 'ஆதித்யா' என்னும் படகு கூரை மேல் பலகைகளுடன் ஓடத் தொடங்கியது. 75 பேர் ஏறும் அப்படகு சூரிய சக்தியைக் கொண்டே ஏரியைக் கடக்கிறது. ஓடுவதற்கே ஒளி உதவுமானால், நிற்கும்போது காப்பதற்கு உதவாதோ?

எவ்வளவு பெரிய பலகை?

நாமக்கல் பூமத்திய ரேகைக்கு 11 டிகிரி வடக்கே அமைந்துள்ளது. சூரியன் ஆண்டின் பெரும்பகுதியில் ஏறத்தாழத் தலைக்கு மேலேயே செல்வதால், வண்டிக் கூரையில் பலகையைச் சாய்க்காமல் படுக்கையாக வைப்பதில் பெரிய நஷ்டமில்லை. நல்ல நாட்களில் நமக்குக் கிடைக்கும் ஒளி, சுமார் 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இது பாதியாகக் குறையும் நாட்களும் உண்டு. வண்டிகள் அதிகமாக நிற்பதும் அம்மாதங்களிலேதான். ஆகவே பலகையின் அளவைச் சித்திரை வெயிலைக் கொண்டு தீர்மானிக்காமல், ஐப்பசி மேகத்தைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும்.

வேன் முதலிய 12 வோல்ட் வண்டிக்கு 20 வாட் பலகையை எடுத்துக்கொள்வோம். முழு வெயிலில் அது சுமார் 1.1 ஆம்பியர் கொடுக்கும். 5 மணி நேரத்துக்கு 5.5 ஆம்பியர்-மணி. தூசி, வெப்பம், கம்பி நஷ்டம் ஆகியவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் நிற்பது 3.7. மழை நாளில் அதிலும் பாதியே கிடைத்தாலும் 1.8 உண்டு. நமக்கு வேண்டியது 1.4. ஆகவே 20 வாட் போதும். மின்னணுக் கருவி எதுவும் இல்லாத பழைய டிராக்டருக்கு 10 வாட் பலகையே தாராளம்.

லாரியில் 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட் ஆகின்றன. அதற்கு 20 வாட் பலகைகள் இரண்டைத் தொடராக இணைத்துக் கொள்ள வேண்டும். சிக்கனம் கருதி ஒரே பலகையை இரண்டு பாட்டரிகளில் ஒன்றுக்கு மட்டும் இணைப்பது பெருந்தவறு. ஒன்று நிறைந்து மற்றொன்று குறைந்திருக்கும் ஜோடி, ஏற்றத்தாழ்வான இரண்டு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டியது போலாகும். இரண்டும் விரைவில் கெடும்.

பொருத்தும் முறை

பலகையை நேராகப் பாட்டரியுடன் இணைத்தல் கூடாது. 12 வோல்ட் பலகை எனப்படுவது, சுமையில்லாதபோது 21 அல்லது 22 வோல்ட் வரை கொடுக்கும். பாட்டரி நிறைந்த பின்னரும் அது தொடர்ந்து ஏறினால் நீர் கொதித்து வற்றிப்போகும். இரண்டுக்கும் நடுவே சார்ஜ் கண்ட்ரோலர் என்னும் சிறு கருவி அவசியம். அது பாட்டரி நிறைந்ததும் மின்சாரத்தைக் குறைத்து, 12 வோல்ட் பாட்டரியைச் சுமார் 13.5 வோல்ட் நிலையில் வைத்துக் காக்கிறது. இரவில் மின்சாரம் பலகைக்குத் திரும்பிச் செல்லாமலும் தடுக்கிறது. வெப்பத்துக்கு ஏற்பத் தன் அளவைக் குறைத்துக்கொள்ளும் கண்ட்ரோலர் நமது ஊர்களுக்கு மிகவும் ஏற்றது. லிதியம் பாட்டரியாயின் அதற்குரிய கண்ட்ரோலரையே வாங்க வேண்டும்.

கண்ட்ரோலரை முதலில் பாட்டரியுடன் இணைத்து, பிறகு பலகையை இணைக்க வேண்டும். கழற்றும்போது முதலில் பலகை, பிறகு பாட்டரி. பாட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் ஒன்று இருத்தல் வேண்டும். வண்டியில் பாட்டரியைத் துண்டிக்கும் மெயின் சுவிட்ச் இருப்பின், கண்ட்ரோலரின் கம்பி சுவிட்சுக்கு இப்பால், பாட்டரிப் பக்கத்தில் சேர வேண்டும். அப்பொழுதுதான் சுவிட்சை அணைத்த பின்னும் சார்ஜ் ஏறும். இச்சுவிட்சை நிறுத்தி வைத்தாலே கருவிகள் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி மிச்சமாகும் என்பதையும் அங்கத்தினர்கள் மறத்தலாகாது. செலவில்லாத அந்த வைத்தியத்தை முதலில் செய்க. பலகை அதற்கு அடுத்தது.

பலகைக்கும் தகரக் கூரைக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளி விட்டுக் காற்றோட விட வேண்டும். பலகை சூடேறச் சூடேற, டிகிரி ஒன்றுக்குச் சுமார் 0.4 சதவீதம் சக்தி குறைகிறது. கூரையில் புதிதாகத் துளை போடுவதை விட, ஏற்கெனவே உள்ள கேரியர்ச் சட்டத்தில் போல்ட் கொண்டு இறுக்குவது நல்லது. மழை நீர் உள்ளே இறங்காது. லாரிகளின் கேபின் மேல் தார்ப்பாயையும் கயிற்றையும் சுருட்டி வைப்பது நமது வழக்கம். பலகையின் ஒரு மூலையை அது மறைத்தாலும் மின்சாரம் பெரிதும் குறைந்துவிடும். தார்ப்பாய்க்கு வேறு இடம் பார்க்க வேண்டும். ஓட்டுநர் புளிய மரத்து நிழலைத் தேடி வண்டியை நிறுத்துவது இயல்பே. நீண்ட நாள் நிறுத்தும்போது மட்டும் வண்டியை வெயிலிலும், பாட்டரிப் பெட்டியை இயன்ற வரை நிழல் விழும் பக்கத்திலும் இருக்குமாறு நிறுத்துவது உத்தமம். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

எரிவாயு ஏற்றும் டாங்கர் லாரிகள் நமது மாவட்டத்தில் ஏராளம். அவற்றில் மின் சம்பந்தமான எந்தப் பொருளையும் உரிய அதிகாரிகளின் அனுமதியின்றிச் சேர்த்தல் கூடவே கூடாது. ஒரு பொறி போதும். மிச்சம் பிடிக்கும் ஆசை உயிருக்கு மேற்பட்டதன்று.

பலகையால் ஆகாதவை

இச்சாதனத்தைப் பற்றி அளவுக்கு மீறிய நம்பிக்கை கொள்ளுதல் கூடாது. இது பாட்டரியைக் காக்கும். மாண்ட பாட்டரியை எழுப்பாது. தகடுகள் இறுகிவிட்ட பாட்டரிக்குப் பலகை வைப்பது, வேர் பட்டுப்போன மரத்துக்கு நீர் பாய்ச்சுவதை ஒக்கும். முற்றிலும் இறங்கிய பாட்டரியை முதலில் பட்டறையில் முழுவதும் சார்ஜ் ஏற்றிய பின்னரே பலகையுடன் இணைக்க வேண்டும். பாட்டரியில் காய்ச்சி வடித்த நீரின் மட்டம் பார்த்தல், முனைகளில் பூக்கும் உப்பைத் துடைத்தல் ஆகிய வேலைகளிலிருந்தும் பலகை நமக்கு விடுதலை தராது. கேபினில் இரவெல்லாம் விசிறி ஓட்டவும் இவ்வளவு சிறிய பலகை போதாது. அதற்குத் தனிக் கணக்கு வேண்டும்.

பலன் கிடைக்கிறதா என்று அறிய வோல்ட் மீட்டர் ஒன்று போதும். வெயில் இறங்கிய பின் வண்டியைச் சில மணி நேரம் ஓய்வில் விட்டு, மறுநாள் விடியுமுன் அளக்க வேண்டும். 12 வோல்ட் பாட்டரி 12.6-க்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 காட்டினால் பாதி. 12-க்குக் கீழே இறங்கினால் அபாயம். லாரிக்கு இந்த எண்களை இரட்டித்துக்கொள்க.

சங்கங்கள் செய்ய வேண்டியது

இரண்டு பலகைக்கும் ஒரு கண்ட்ரோலருக்கும் ஆகும் செலவு, ஒரு ஜோடி லாரி பாட்டரியின் விலையில் சிறு பங்கே. தனி ஒருவர் கடைக்குச் சென்று வாங்கினால் தரம் அறியாமல் ஏமாறவும் கூடும். பத்து அங்கத்தினர்கள் சேர்ந்து வாங்கினால் விலையும் இறங்கும். பொருளையும் சோதித்து வாங்கலாம். ஒவ்வொருவரும் மீட்டர் வாங்க வேண்டியதில்லை. சங்கத்தில் ஒன்று இருந்தால் எல்லோருக்கும் உதவும். உறுப்பினர் வீட்டு இளைஞர் ஒருவருக்கு இணைக்கும் முறையைக் கற்பித்துவிட்டால், அவர் ஊரிலுள்ள டிராக்டர்களையும் வேன்களையும் மாதம் ஒரு முறை பார்வையிட்டு வரலாம். அதற்கு ஒரு சிறு கட்டணமும் நிர்ணயிக்கலாம்.

எங்கள் சொல்லை மட்டும் நம்பி எவரும் பணம் செலவிட வேண்டாம். சங்கத்துக்கு இரண்டு வண்டிகள் இருப்பின், ஒன்றில் பலகையைப் பொருத்தி, மற்றதை இருந்தபடியே விட்டு, வாரந்தோறும் இரண்டின் வோல்ட் அளவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருக. வரும் மழைக்காலம் முடிவதற்குள் அந்தப் புத்தகமே தீர்ப்புச் சொல்லும். அதை அடுத்த பொதுக்கூட்டத்தில் படித்துக் காட்டினால், மற்றவர்களும் தாமே முடிவு செய்து கொள்வார்கள்.

பாட்டரியின் ஆயுள் நீள்வதில் பண லாபத்தை விடப் பெரியதொரு லாபமும் இருக்கிறது. பழைய பாட்டரியை உடைத்து, திறந்த வெளியில் காரீயத்தை உருக்கும் இடங்களில் எழும் புகையும் தூசியும் கொடிய நஞ்சு. அது மண்ணிலும் கிணற்று நீரிலும் கலக்கிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயனற்ற பாட்டரிகள் பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்களுக்கே சென்று சேர வேண்டும். எடைக்கு எடுக்கும் தெரு வியாபாரியிடம் போடாமல், புதிய பாட்டரி வாங்கும் கடையிலே பழையதைக் கொடுத்து, விலையில் கழித்துக் கொள்வதே முறை. ஒரு பாட்டரி இரண்டு ஆண்டுகள் அதிகம் உழைத்தால், அவ்வளவு காரீயம் அவ்வளவு காலம் உலையைக் காணாமல் இருக்கும்.

தறியில் அறுந்த இழையை அப்பொழுதே முடிந்துவிட்டால் துணி பிழைக்கும்; வரப்பில் விழுந்த சிறு உடைப்பை அன்றே அடைத்துவிட்டால் பயிர் பிழைக்கும். இது நமது நெசவாளருக்கும் விவசாயிக்கும் பிறர் கற்பிக்க வேண்டிய பாடமன்று. நாள்தோறும் நேரும் சிறு இழப்பை நாள்தோறும் ஈடு செய்யும் அதே பழக்கத்தை வண்டியின் பாட்டரிக்கும் விரிவுபடுத்துமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஐப்பசி பிறக்குமுன் நமது சங்கங்கள் இவ்வேலையைத் தொடங்கும் என்று நம்புகிறோம்.